இரண்டரை விநாடி

எங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு கடை இருந்தது. இருபுறமும் அலமாரிகள், மேலே வெள்ளைக் குழல்விளக்குகள், தள்ளுவண்டி எல்லாம் உண்டு. கல்லாப்பெட்டி மட்டும் கிடையாது. அங்கே யாரும் எதையும் வாங்கிப் போக முடியாது. விளம்பரம் பார்த்து வருகிறவர்களுக்கு, கண் போகும் இடத்தைப் பதிவுசெய்கிற மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டி, வழக்கமாகக் கடையில் நடப்பதுபோல் நடக்கச் சொல்லி உள்ளே அனுப்புவோம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவர்களுக்கு அதில் அவர்கள் முகம் தெரியும். மறுபக்கம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவர்கள் தெரிவார்கள். எங்கள் முன்னால் இருக்கும் திரையில் அவர்கள் பார்வை ஒரு சிவப்புப் புள்ளியாக அலமாரிமீது ஊர்ந்துபோகும். அந்தப் புள்ளி எந்தப் பாட்டிலில் நிற்கிறது, எத்தனை விநாடி நிற்கிறது என்பதுதான் எங்களுக்குச் சோறு.

நான் லெனோர் வெஸ்டெண்டார்ஃப். பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் லேபிள் வரைவது இருபத்தொன்பது வருடம் என் வேலையாக இருந்தது. ஆற்றங்கரை ஊரான சின்சினாட்டியின் மேற்குப் பக்கத்தில் பிறந்து, அங்கேயே மணமாகி, அங்கேயே கணவரைப் புதைத்தவள். எங்கள் ஊரில் இந்த வேலையில் இருக்கும் குடும்பங்கள் அதிகம். புதிய சோப்போ மாவோ எதுவானாலும் நாடு முழுக்க அனுப்புவதற்கு முன் எங்கள் ஊர்க் கடைகளில்தான் சில வாரம் விற்றுப் பார்ப்பார்கள். ஆகையால் நாங்கள் வரைவதை முதலில் வாங்குவது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். இதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

சென்ற வருடம் ஜனவரியில் தரை துடைக்கும் திரவம் ஒன்று என் மேசைக்கு வந்தது. பழைய பாட்டில் நீலம். மேலே மின்னும் தரையின் படம். எங்கள் கடையில் சிவப்புப் புள்ளி அதன்மேல் நிற்காமலே போயிற்று. நான் பாட்டிலைத் தெளிவான பிளாஸ்டிக்காக மாற்றச் சொன்னேன், உள்ளே திரவத்தின் வெளிர்மஞ்சள் தெரியட்டும் என்று. மேலே இரண்டு எலுமிச்சைத் துண்டுகள் வரைந்தேன். தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளை நார்வரை வரைந்தேன். குளிர்பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல் நீர்த்துளிகள் போட்டேன். ஒரு துளி மட்டும் வழிந்து இறங்குவதுபோல். அந்த ஒரு துளிக்கு இரண்டு நாள் பிடித்தது. எச்சரிக்கை வரி முன்பக்கம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். சட்டம் சொன்ன அளவுக்கு ஒரு நூல்கூட மிஞ்சாமல், ஓர் இலையின் நிழலில், வெளிர்பச்சையில் வைத்தேன்.

சிவப்புப் புள்ளி இரண்டரை விநாடி நின்றது. எங்கள் தொழிலில் அது ஒரு யுகம்.

அந்தச் சோதனையின் கடைசி நாள் டார்லா ப்ரூயிட் என்றொரு பெண் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், நல்ல கலகலப்பு. அலமாரியிலிருந்து என் பாட்டிலை எடுத்தாள், திருப்பிப் பார்க்கவில்லை, மூடியைத் திருகப் போனாள். பிறகு லேபிளின் எழுத்து கண்ணில் பட, நின்று, வாய்விட்டுச் சிரித்தாள். "அய்யய்யோ! தரை துடைக்கறதா இது? இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா மடக்குனு குடிச்சிருப்பேன்! நாக்குல தண்ணியே ஊறிடுச்சு போங்க!"

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நால்வரும் சிரித்தோம். என் மேலாளன் ப்ரெண்ட் கெஸ்லர் மேசையைத் தட்டினான். "கேட்டீங்களா லெனோர்? நாக்குல தண்ணி! தரைத் திரவத்துக்கு! உங்களுக்குச் சிலை வைக்கணும்."

"சிலைய வச்சு லேபிள ஒட்டிடாத," என்றேன் நான்.

சோதனைத் தாளில், அவள் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் நான் என் கைப்பட எழுதினேன்: வாயூறுகிறது, நல்லது, மாற்ற வேண்டாம். கீழே என் கையெழுத்து.

இதை வேறு யார் கேட்டாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வேலை தெரியாத எந்த மளிகைக்காரனும், எந்தத் தாயும் பயந்திருப்பார்கள். நாங்கள் அதை வெற்றி என்று எழுதிக்கொண்டோம்.

ஜூன் கடைசியில் பாட்டில் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்தது. ஜூலை நடுவில், எங்கள் தேவாலயத்தைச் சேர்ந்த ஆர்வில் நீமன் மருத்துவமனையில் இறந்துபோனார். எழுபத்து மூன்று வயது. நுரையீரலில் சளி கட்டி இறந்ததாகச் சொன்னார்கள். சாவு நடந்த வீட்டுக்கு ஆறு வாரம் சாப்பாடு கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். தேவாலயத்தின் பின்கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள், அவரவருக்கு வசதியான நாளில் பெயர் எழுதவேண்டும். நான் ஒரு வியாழக்கிழமையில் எழுதினேன். கோழியும் நூடுல்ஸும் சேர்த்து அடுப்பில் வேகவைத்து, தட்டு திரும்பி வர அதன் அடியில் என் பெயரை ஒட்டி எடுத்துப்போனேன்.

ஆர்விலின் மனைவி ஆல்மா கதவைத் திறந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் உடுப்பு தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுத் தட்டுகள். ஒன்றின் மூடிகூடப் பிரிக்கப்படவில்லை.

"எங்கயாவது வை, இடம் இருந்தா," என்றாள் ஆல்மா. "மொத்த ஊரும் என்னைக் கொழுக்க வச்சே தீருவேன்னு நிக்குது."

"நீங்க எதையும் தொடவே இல்லையே, ஆல்மா."

"ஜெர்ட்ரூட் கொண்டு வந்தத நீ தின்னு பார்த்திருக்கியா? முப்பது வருஷமா எல்லாச் சாவு வீட்டுக்கும் அதே உப்பில்லாத நூடுல்ஸ். செத்தவங்க தப்பிச்சாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நோரீன் வர்றாளா?" என்று கேட்டேன். நோரீன் அவர்களுடைய ஒரே மகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் இருக்கிறாள்.

"சனிக்கிழம வருவா. துணி துவைப்பா. போவா. என்கிட்டப் பேச மாட்டா." ஆல்மா மேசைமேல் இல்லாத தூசியைக் கையால் துடைத்தாள். "அவ பேசாதது நியாயம்தான். உங்க யாருக்கும் நாங்க உண்மையச் சொல்லல. அவருக்குச் சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் அவரைக் கொன்னேன்."

"என்ன பேசறீங்க?"

"கேளு. அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, உனக்குத் தெரியும். ஆகஸ்டுல ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்தோம். அன்னிக்குப் புல் வெட்டிக்கிட்டிருந்தார், வெயில்ல சொன்னாக் கேக்காம. நான் கடைக்குப் போயிட்டு வந்து பையையெல்லாம் இந்த மேடையிலதான் வச்சேன். கார்ல மிச்சத்த எடுக்கப் போனேன். தபால்காரர் வந்தார், நாலு வார்த்த பேசினேன். உள்ள வந்தா, இவர் கிளாஸ்ல ஐஸ் போட்டு, தரை துடைக்கற மருந்த ஊத்தி, பாதி குடிச்சு நிக்கறார். 'ஆல்மா, இந்த லெமனேடு கெட்டுப்போச்சு'ன்னார். அதான் அவர் கடைசியாப் பேசினது. அப்புறம் இருமல். வாயெல்லாம் நுரை. நுரை மூச்சுக்குழல் வழியா உள்ள போயிடுச்சாம். ஒன்பது நாள் மெஷின்ல வச்சிருந்தாங்க."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல இன்னொரு கூத்து," என்றாள் அவள். "வீட்ல பழைய பாட்டில் முக்காவாசி இருந்துச்சு. நீல பாட்டில். புதுசு வாங்கவே வேண்டாம். ஆனா கடையில அதப் பார்த்தேன். அவ்ளோ அழகா இருந்துச்சு, லெனோர். வெட்டின எலுமிச்ச, மேல சில்லுனு தண்ணி முத்து முத்தா. நான் யோசிக்கவே இல்ல, கை தானாப் போயிடுச்சு. அழகா இருக்குன்னு ஒண்ண வாங்கி வந்து புருஷனுக்குக் குடுத்துட்டேன். நோரீன் ஆஸ்பத்திரியில ஒரே ஒரு வார்த்த கேட்டா, 'கண்ணு தெரியாத மனுஷன் இருக்கற வீட்ல அத ஏம்மா மேடையில வச்ச?' நான் என்ன சொல்லுவேன்? நீயே சொல்லு. ஏன் வச்சேன்?"

அன்று நான் அவளிடம் சொல்லவில்லை. இதையும் இங்கே எழுதிவிட வேண்டும். தட்டை மேடையில் வைத்தேன், சூடாகச் சாப்பிடுங்கள் என்றேன், அவள் நெற்றியில் முத்தமிட்டேன், வெளியே வந்தேன். அவள் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை எத்தனை விநாடியில் எழும் என்று அளந்து பார்த்தவள் நான்.

மறுநாள் காலை ப்ரெண்டின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை. முகம் வெளுத்துப்போய்க் கதவைச் சாத்தினான். எனக்குத் தண்ணீர் கொடுத்தான்.

"பாவம்," என்றான். "நிஜமாவே பாவம். அவங்க எங்கயாவது புகார் குடுத்திருக்காங்களா?"

"இல்ல. தான்தான் கொன்னுட்டோம்னு நினைச்சுக்கிட்டு சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க."

"அப்ப நம்ம பேர் எங்கயும் வரல."

"ப்ரெண்ட்."

"நான் கேக்கறது தப்பா? செப்டம்பர்ல நாடு முழுக்கப் போகுது, லெனோர். இருபத்தி மூணு பேருக்கு இங்க சம்பளம் இதுலருந்துதான். பாட்டில்ல எச்சரிக்கை இருக்கு. சட்டப்படி இருக்கு. படிக்காதது நம்ம தப்பா?"

"படிக்கக் கூடாதுன்னுதானே அந்த எடத்துல வச்சேன். நீதானே கேட்ட, 'அத எங்கயாவது ஒளிச்சு வைங்க'ன்னு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு மிகவும் மென்மையாகக் கேட்டான்: "அந்தச் சிவப்பு மைத் தாள் எங்க இருக்கு?"

"என் மேசையில."

"எங்கிட்டக் குடுத்துடுங்க. நான் பத்திரமா வச்சுக்கறேன். ரெண்டு வருஷத்துல ஓய்வு வாங்கப் போறீங்க. எதுக்கு உங்களுக்கு இந்தத் தலைவலி? அந்தம்மாவுக்கு நாம பூ அனுப்புவோம். பெருசா அனுப்புவோம்."

அவன் கண்களில் எனக்காகக் கொஞ்சம் கவலையும் இருந்தது, அது பொய்யில்லை. நான் என் மேசைக்குப் போனேன், தாளை எடுத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கைப்பையில் போட்டேன், தலை வலிக்கிறது என்று சொல்லி வீட்டுக்குப் போனேன். அதுவும் உண்மைதான்.

அந்த இரவும் மறுநாள் விடிகாலையிலும் நான் ஜெபித்தது தைரியத்துக்காக இல்லை. வேறு வழி ஏதாவது காட்டு என்று கேட்டேன். ஆல்மாவின் மனம் தானாக ஆறட்டும் என்று கேட்டேன். கடவுள் எனக்கு எந்த வேறு வழியும் காட்டவில்லை. என் கணவர் போனபோது ஆறு வாரமும் இந்தப் பெண்கள் எனக்குச் சோறு கொண்டுவந்தார்கள். ஆல்மா ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள், மூன்று முறை. பதிலுக்கு நான் கொண்டுபோனது ஒரு தட்டு நூடுல்ஸும் ஒரு மௌனமும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி அந்த வீட்டின் மணியை அடித்தேன்.

நோரீன் கையில் ஈரத் துணியோடு திறந்தாள். நாற்பது வயது, அப்பாவின் தாடை.

"அம்மா படுத்திருக்காங்க, மிஸஸ் வெஸ்டெண்டார்ஃப். சாப்பாடு இனிமே யாரும் கொண்டுவர வேணாம்னு தேவாலயத்துல சொல்லிடுங்களேன். தூக்கிப் போடறதே எனக்கு வேலையா இருக்கு."

"சாப்பாடு கொண்டுவரல, நோரீன். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். சேர்ந்து இருந்தாதான் சொல்ல முடியும்."

என் குரலில் என்ன கேட்டாளோ, உள்ளே விட்டாள். ஆல்மா எழுந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். நோரீன் உட்காரவில்லை, துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் சாய்ந்து நின்றாள். நான் தாளை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"அந்தப் பாட்டில வரைஞ்சது நான்," என்றேன். "எலுமிச்ச, தண்ணித் துளி எல்லாமே. கடையில வைக்கறதுக்கு முன்னாடி நாங்க சோதிச்சோம். ஒரு பொம்பள அதக் குடிக்கறதுன்னே நினைச்சா. மூடியத் திறக்கப் போனா. அவ சொன்னது இது. பக்கத்துல இருக்கற சிவப்பு எழுத்து என்னோடது."

ஆல்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். மெதுவாக, விரலை வரியின் கீழே வைத்து. கடைசி வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. எத்தனை நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை.

"இது மார்ச் மாசத் தேதி," என்றாள்.

"ஆமா."

"ஆர்வில் அப்ப நல்லா இருந்தார். மார்ச்ல எனக்கு வேலி சரிபண்ணிக் குடுத்தார்."

"ஆமா."

"இந்தப் பொம்பள இப்படிச் சொன்னப்ப," ஆல்மா தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள், "நீ சிரிச்சியா?"

பொய் சொல்ல எனக்கு எத்தனையோ வழி இருந்தது. "சிரிச்சேன்," என்றேன்.

"வெளிய போ."

"ஆல்மா, நீங்க எங்க வச்சிருந்தாலும், யார் வீட்லயோ ஒருத்தர்…"

"போன்னு சொன்னேன்ல. என் கணவரோட வீட்ல நீ நிக்காத."

தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கார்க் கதவைத் திறந்தபோது நோரீன் படியிறங்கி வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தேன்.

"அந்தத் தாள நான் வக்கீல்கிட்டக் குடுப்பேன்," என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "உங்க பேரோடதான் குடுப்பேன்."

"குடு."

"அம்மா அழறாங்க." அவள் சொன்ன விதம், ஒரு விசித்திரத்தைச் சொல்வதுபோல் இருந்தது. "அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுலருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்ப அழறாங்க. நான் அவங்களப் போயி அப்படிக் கேட்டுட்டேன். நான்தான் கேட்டேன், ஏன் மேடையில வச்சன்னு." வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. "அம்மா, அம்மா" என்று அவள் சொல்வது தெருவரை கேட்டது.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாளைக் கொடுத்துவிட்டதைத் திங்கட்கிழமை ப்ரெண்டிடம் நானே சொன்னேன். என் பொருட்களை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்து வேலையிலிருந்து அனுப்பினார்கள். பாட்டில் எங்கள் ஊர்க் கடைகளிலிருந்து மறைந்தது. செப்டம்பரில் நாடு முழுக்கப் போகவில்லை. ஆனால் அதே திரவம், வேறு யாரோ வரைந்து, ஆரஞ்சுப் பழத்தோடு வரப்போகிறது என்று கேள்விப்படுகிறேன். வழக்கு நடக்கிறது. இரண்டு முறை போய்ச் சாட்சி சொன்னேன். தேவாலயத்தில் சிலர் என் பக்கத்தில் உட்காருவதில்லை. அவர்களில், இதனால் எங்கள் அலுவலகத்தில் வேலை போனவர்களின் மனைவிமாரும் உண்டு. ஆர்வில் திரும்பி வரவில்லை. இந்தக் கதையில் ஆறுதல் தேடுகிறவர்கள் அதை முதலில் நினைவில் வைக்கவேண்டும்.

அக்டோபரில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. ஆல்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உனக்கு இப்ப வேலை இல்லைல்ல?"

"இல்ல."

"என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. நோரீன் வாங்கி வர்றது எனக்குப் பிடிக்கல, எல்லாம் கொழுப்பில்லாத கண்றாவி. தனியாப் போக முடியல. போன வாரம் போனேன். அலமாரி முன்னால நின்னா கை போக மாட்டேங்குது. எதைத் தொட்டாலும், இத நான் எடுக்கறேனா, இல்ல யாராவது எடுக்க வைக்கறாங்களான்னு தெரியல. உப்புகூட வாங்காம வந்துட்டேன்."

போனேன். கடைக்குள் தள்ளுவண்டியின் கைப்பிடியை அவள் பிடித்துக்கொண்டாள், நான் பக்கத்தில் நடந்தேன். காபி வரிசையில் நின்றாள்.

"எனக்கு அந்தச் சிவப்பு டப்பா வேணும்னு தோணுது," என்றாள். "ஏன் தோணுது?"

"மேல ஆவி வர்ற மாதிரி இருக்குல்ல? அந்த ஆவி வரைஞ்சது. கண்ணு உயரத்துல வைக்கறதுக்குத் தனியாக் காசு குடுத்திருக்காங்க. கீழ் தட்டுல இருக்கற வெள்ளப் பையும் கிட்டத்தட்ட அதே கொட்டைதான்."

"நீ இத வரைஞ்சியா?"

"இது வேற ஆளு. நல்லா வரையறவன்."

"தெரியுது," என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெள்ளைப் பையை எடுத்தாள்.

ஒவ்வொரு வரிசையாக அப்படிப் போனோம். அவள் கேட்டாள், நான் சொன்னேன். எது ஏன் பச்சை, எந்த எழுத்து ஏன் சாய்ந்திருக்கிறது, ரொட்டிப் பையில் கோதுமைக் கதிர் ஏன் அந்த இடத்தில். எட்டுப் பொருள் வாங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண் பொறுமையிழந்து வண்டியால் என் குதிகாலை இடித்தாள். ஆல்மா அவளை முறைத்தாள். "இவங்க எனக்குப் படிச்சுச் சொல்றாங்க. உனக்கு என்ன அவசரம், ரயிலா பிடிக்கணும்?" என்றாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பைகளைக் காரில் வைத்துவிட்டு அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் ஏறவில்லை. கூந்தலில் மழை விழ நின்றாள்.

"நான் உன்னை மன்னிக்கல, லெனோர். மன்னிக்கணும்னு பாதிரியார் சொல்றார். நான் முயற்சி பண்றேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டேன். அது பொய்."

"தெரியும், ஆல்மா."

"அடுத்த வியாழக்கிழம மாவு வாங்கணும். ரொட்டி சுட்டு ரொம்ப நாளாச்சு."

"எத்தன மணிக்கு வரட்டும்?"

"பத்துக்கு," என்றாள். ஏறி உட்கார்ந்து, காபிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள்.